ஆயுத பூஜை அன்று போட்ட ஷூ

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும், இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் ஷூ இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. விரல் பக்கம் உள்ளே இரும்பு வைத்த ஷூ. காலில் கல்லைக் கட்டியதுபோல் கனக்கும். வருஷத்தில் ஒரே நாள்தான் அதற்கு விடுமுறை, ஆயுத பூஜை. சாமி படத்துக்கு முன்னால் யார் ஷூவோடு நிற்பார்கள்? எல்லோருடையதும் வெளியே குவிந்துகிடக்கும்.

போன வருஷம் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிக்குக் கையை நீட்டும் நேரத்தில் கஸ்டமரின் வண்டி வந்து நின்றது. தகடு வெட்டும் இரும்பு அச்சு ஒன்று உடனே வேண்டுமாம். டை என்போம் அதை. சாமி படத்துக்கு எதிரே சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. "ரெண்டு பேரு புடிச்சி ஏத்திடுங்கப்பா, அஞ்சு நிமிஷ வேல" என்றார் சூப்பர்வைசர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு போனேன்.

என்னோடு தூக்க வந்தவன் எங்கள் ஃபிட்டர். ஆவடிக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், எங்கள் பூஜையில் சுண்டலுக்கு முதல் ஆளாக நிற்பவன். வெளியே ஓடிப்போய் இரண்டு ஜோடி ஷூவோடு வந்தான். என்னுடையதைச் சாமிக்கு நேர் எதிரே, கோலத்தின் மேலேயே போட்டான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாடா, சாமி எதுர்க்கவே ஷூவப் போட்ற? அறிவு கீதா?"

"சாமி கோச்சிக்காது மாமே. மாட்டிகினு தூக்கு. இல்லாங்காட்டி நான் கை வெக்க மாட்டேன்."

எல்லோரும் முறைத்தார்கள். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே அடி விழுந்திருக்கும். தனக்கும் விழலாம் என்று அவனுக்குத் தெரியும், முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அசையவில்லை. வேட்டியும் இரும்பு ஷூவுமாக, அவனைத் திட்டிக்கொண்டே தூக்கினேன்.

பூஜைக்காக டைக்குப் பளபளவென்று எண்ணெய் பூசியிருந்தோம். வண்டியை நெருங்கும்போது என் கையிலிருந்து வழுக்கி, நேராக வலது கால்மேல் விழுந்தது.

அவன் என்னைத் தரையில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "ஒவ்வொண்ணா ஆட்டு மாமே." ஆட்டினேன். ஐந்தும் ஆடின. ஷூவின் மூக்குதான் நசுங்கியிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று யாரோ சொன்னார்கள். அவன் என் காலை விடவில்லை. தேம்பித் தேம்பி அழுதான்.

எனக்கு நெஞ்சு முழுக்க நன்றிதான் இருந்தது. கை தானாகக் குவிந்துவிட்டது. சாமி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் குவித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.