வரி விழாத படம்

தொழில் வட்டாரத்தில் அவருக்கு வரிக்குதிரை என்று பெயர். ஆள் குட்டையாக, சாதுவாக இருப்பார். குதிரைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வீடியோ காமிராவின் சின்னத் திரையில் எங்கே வெளிச்சம் அளவு மீறுகிறதோ அங்கே சாய்ந்த வரிகள் ஓடும். எச்சரிக்கை, அவ்வளவுதான். மற்றவர்கள் பார்த்தும் பாராமல் விட்டுவிடுவார்கள். இவருக்கு மட்டும் ஒரே ஒரு வரி தெரிந்தாலும் கை தானாக லென்ஸ் வளையத்துக்குப் போய், வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத்தான் ஓயும். “வெள்ளை வெந்து போச்சுன்னா யாராலயும் மீட்க முடியாதுப்பா. இருட்டுன்னா அப்புறம் தூக்கிக்கலாம்” என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லிக் கேட்பவர்களின் காதைப் புளிக்க வைத்தவர்.

வேலையில் கெட்டிக்காரர்தான், மறுப்பதற்கில்லை. கல்யாண வீடுகளில் அவர் எடுத்த படத்தில் வெள்ளைச் சட்டை சுண்ணாம்பு பூசிய மாதிரித் தெரியாது. மடிப்பு மடிப்பாகத் தெரியும். “பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பா காட்டுங்க சார்” என்று வருகிறவர்களுக்கு அதையும் அலுக்காமல் செய்து கொடுப்பார். ஆனால் வெளிச்ச அளவைக் காமிராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று எக்ஸ்போஷரை ஆட்டோவில் விடுகிறவர்களைக் கண்டால் மட்டும் இளக்காரம். “அதுக்கு ஒரு ஸ்டாண்ட் போதுமே, ஆள் எதுக்கு?” முதுகுப் பக்கம் வெளிச்சம் அடிக்கும்போது முகத்தைக் காப்பாற்றுவதற்கென்றே காமிராவில் ஒரு பொத்தான் உண்டு. அதை அவர் தொட்டதே இல்லை. மானப் பிரச்சினை!

அவருடைய அக்காவின் கணவர் நல்ல கருப்பு. தண்ணீர் பம்பு நிலையத்தில் மெக்கானிக். காமிராவைக் கண்டாலே, “என்னை எடுத்தா உன் மெஷின் கெட்டுடும் மச்சான்” என்று நழுவிவிடுவார். கூட்டத்தோடு நின்று எடுத்த நாலைந்து போட்டோ உண்டு. எல்லாவற்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்த அன்று, வீட்டு ஹாலில் பதினைந்து பேருக்கு முன்னால் எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசினார். எழுந்தவர் வேறு இடம் கிடைக்காமல் ஜன்னலுக்கு முன்னால் நின்றார். வெளியே உச்சி வெயில்.

படம் எடுத்துக்கொண்டிருந்த வரிக்குதிரைக்கு ஜன்னல் முழுக்க வரி. வளையத்தைத் திருகினார். இன்னும் கொஞ்சம் வரி. இன்னும் திருகினார். கடைசி வரியும் மறைந்தபோது மாமா பேசி முடித்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டு வேலைதானே என்று அந்தப் பதிவைத் திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியில் போட்டு வைத்தார். ஏழு மாதம் கழித்து மாமா வேலைக்குப் போன இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தார். அப்புறம்தான் திறந்தார். பார்த்துவிட்டு உடனே மூடினார். அக்கா கேட்ட போதெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர், நிறைய வேலை என்று நாலு மாதம் இழுத்தடித்தார். இன்று அவளே சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய வீடியோ கடைக்கு வந்துவிட்டாள்.

“இன்னிக்குப் பாக்காம போக மாட்டேன்” என்று பஞ்சு பிதுங்கிய நாற்காலியில் உட்கார்ந்தாள். “அவரு பேசும்போது நான் பக்கத்துல தலையைக் குனிஞ்சே உக்காந்திருந்தேன்டா. அத்தனை பேர் முன்னாடி வெக்கமா போச்சு. அவரு மூஞ்சியை நான் பாக்கவே இல்ல. ஒரே ஒரு தடவை பாக்கணும்.”

வேறு வழியில்லாமல் ஓடவிட்டார்.

ஜன்னல் அற்புதமாக வந்திருந்தது. கம்பி, வெளியே கொடி, கொடியில் அக்காவின் நீலத் துண்டு, அதைக் கவ்வியிருந்த மஞ்சள் கிளிப்பு எல்லாம் தெரிந்தன. அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கருப்பு. அந்தக் கருப்பு பேசியது. “வேலை போயி ரெண்டு வருஷம் சும்மா உக்காந்திருந்தேன். ஒரு நாள்கூட இவ அதைச் சொல்லிக் காட்டினதில்ல…”

“லைட்டைக் கூட்டுடா” என்றாள் அக்கா.

எல்லாவற்றையும் எத்தனையோ தடவை செய்து பார்த்தாயிற்று. இருந்தாலும் அவளுக்காக மறுபடியும் செய்தார். பிரைட்னஸைக் கூட்டினால் கருப்பு சாம்பலானது. கெயினை ஏற்றினால் சாம்பலில் எறும்பு ஊர்கிற மாதிரிப் புள்ளிகள் ஓடின. கான்ட்ராஸ்டை மாற்றியதில் ஒரு காது ஓரம் மட்டும் வந்தது. அக்கா அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊர்ல எல்லாரையும் வெளுப்பாக்கிக் குடுக்கறியே. இவரை வெளுப்பாக்க வேண்டாம். கருப்பாவே இருக்கட்டும். தெரிஞ்சா போதும்டா.”

“அதுல ஒண்ணுமே பதிவாகல அக்கா. இருந்தாத்தானே எடுக்கறதுக்கு?”

“கிளிப்பு பதிவாகியிருக்கே.”

செத்துப்போனால் தேவலை என்றிருந்தது அவருக்கு. யார்யார் வீட்டு விசேஷத்திலோ யாரோ ஒருவருடைய சட்டை மடிப்பைக் காப்பாற்றியவர், சொந்த அக்காவுக்கு மூன்று நிமிட முகத்தைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். புதிதாக ஒன்று தோன்றிவிட்டது அவளுக்கு. “சரி, போகுது. நீ எதுக்க தானே நின்ன? அவ்வளவு நேரம் அவரையே தானே பாத்துட்டிருந்த? நீ சொல்லு. எப்படி இருந்தாரு?”

அவருக்கு எதையாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

“சிரிச்சுக்கிட்டே சொன்னாரு அக்கா. நல்லா சிரிச்ச முகமா.”

திரையில் அந்தக் கருப்பு, “அவ இல்லன்னா நான்…” என்று ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தது.

“அழுதிருக்காருடா” என்றாள் அக்கா. “குரல் உடையுது, கேக்கலையா உனக்கு?” தம்பியின் முகத்தைப் பார்த்தாள். “அப்ப நீயும் பாக்கல.”