அக்கரை முகவரி

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர்களை வாழ்த்தும் அளவுக்கு என் மனசு பெரிதில்லை. வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் புதுச்சேரிப் பிரதேசத்துக் குருவிநத்தத்துக்காரி. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தேன், வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படிப்பு முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா கரும்பு வெட்டவும் நெல் மூட்டை தூக்கவும் போவார். வேலையில்லாமல் இருக்கும் பெண்ணைக் கண்டால் ஊருக்குப் பொறுக்காது. ஃபிட்டரம்மா, எங்கள் மோட்டார் ஓடவில்லை, வந்து பாரேன் என்று கிண்டல் செய்வார்கள். நிஜமாகவே போய்ச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அதற்கும் சிரித்தார்கள்.

அப்போதுதான் பாகூரில் ஒரு கடை மாடியில் இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி, முடித்தால் வேலை உறுதி என்று போர்டு மாட்டினார்கள். மூன்று மாதம் போனேன். காலையில் வருகைப் பதிவு மெஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும், சாயங்காலம் மறுபடி வைக்க வேண்டும். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, எதுவும் நடக்கவும் இல்லை. இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ் கிடையாது, ராவ ஒரு அரம் கிடையாது. பாதிப் பேர் விரலை வைத்துவிட்டு நடவுக்குப் போய், சேற்றுக் கையோடு திரும்புவார்கள். மெஷின் அந்த ரேகையை எடுக்காது. எங்களுக்கு வேலை பிடித்துத் தர வேண்டிய பிளேஸ்மென்ட் சார் ஈரத்துணி கொண்டுவந்து ஒவ்வொருவர் விரலாகத் துடைத்துவிடுவார். அவர் அக்கறையாகச் செய்து நான் பார்த்த ஒரே வேலை அதுதான்.

பாடம் என்று ஒன்று நடந்ததென்றால் அது நேர்காணல் பாடம். பேர், ஊர், படிப்பு மூன்றையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நிமிர்ந்து நின்று, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து, ஊர்ப் பேரை முழுங்காமல் சொல்ல வேண்டும். கிராமம் என்று கூச்சப்படாதீர்கள் என்றார் சார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். நம்பித் தொலைத்தேன்.

ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைவாய்ப்பு முகாம் போட்டார்கள். மேடையில் ஒருவர் நாட்டின் எதிர்காலமே நாங்கள்தான் என்று அரை மணி நேரம் பேசினார். கீழே கம்பெனிக்காரர்கள் மேஜை போட்டிருந்தார்கள். எங்கள் பிரதேசத்துக்குள்ளேயே, பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய கம்பெனியின் மேஜைக்குப் போய் நின்றேன். பழகியபடியே ஊர்ப் பேரை நிமிர்ந்து சொன்னேன். அந்த ஹெச்ஆர் ஆள் என் ஃபாரத்தின் மூலையை மடித்துத் தனியாக வைத்தார். எனக்குப் பின்னால் நின்றவள் கடலூர் மாவட்டத்துக்காரி. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவள். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

மூலை மடித்தால் என்ன அர்த்தம் என்று பிளேஸ்மென்ட் சாரைக் கேட்டேன். உள்ளூர் ஆளை அவர்கள் எடுப்பதில்லையாம். சாவு, காரியம், தேர் என்று லீவு போடுவோமாம். ஒரு வார்த்தை அதட்டினால் கட்சிக்காரனைக் கூட்டிக்கொண்டு போய் கேட்டில் நிற்போமாம். எங்கள் மண்ணில் கட்டிடம் வேண்டும், எங்கள் போர்வெல் தண்ணீர் வேண்டும், நாங்கள் மட்டும் வேண்டாம். இது தெரிந்தும் ஏன் ஊர்ப் பேரை அப்படிச் சொல்லச் சொன்னீர்கள் என்று கத்தினேன். அவர் அசரவில்லை. என் ஃபாரத்தில் உறவினர் முகவரி எழுதிய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க அத்தை வூடு அக்கரையிலதான இருக்குது? அந்த அட்ரஸ மாத்திக்கமா. ஆத்தத் தாண்டுனா நீ வெளியூரு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஊருக்கும் அத்தை ஊருக்கும் நடுவில் தென்பெண்ணை. இந்தக் கரை புதுச்சேரி, அந்தக் கரை தமிழ்நாடு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு மாமனார் வீடு அக்கரையில்தான். அதனால் இந்த யோசனை யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எங்கள் ரேஷன் கார்டில் இருந்து என் பேரை எடுத்து அத்தை கார்டில் சேர்த்து, பிறகு ஆதாரையும் மாற்ற வேண்டும். அப்பாதான் தயங்கினார். அம்மா பேரை எடுக்கவும் அதே கவுன்ட்டரில்தான் அவர் நின்றிருந்தார்.

"கார்டுல பேர எடுக்கறது செத்தவங்களுக்குப்பா. உனுக்கு எதுக்கு?" என்றார். அவருக்கு என்னையும் "ப்பா" போட்டுக் கூப்பிடுவது வழக்கம். ஒன்றும் தெரியாமல் பேசாதே என்று அவரைத் திட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

புது அட்ரஸில் அதே கம்பெனியிலேயே வேலை கிடைத்தது, முகாமில் என்னைப் பார்த்தது அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. ஃபிட்டருக்குப் படித்தவளை அட்டைப்பெட்டி மடிக்க வைத்தார்கள். கான்ட்ராக்ட் வேலை. கம்பெனி பஸ் எங்கள் கரையில் நிற்காது, வெளியூர் ஆட்களுக்குத்தானே பஸ். தினமும் விடிகிற நேரத்தில் அப்பா என்னை மொபெட்டில் ஏற்றிப் பாலம் தாண்டி அத்தை ஊரில் விடுவார். அங்கே ஏறினால் அதே பஸ் அதே பாலத்தில் திரும்பி வந்து பாகூர் வழியாகப் போகும். எங்கள் ஊர் ஆட்கள் நிற்கும் இடம் வந்தால் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது போல் நடிப்பேன். பாண்டிச்சேரிக்காரன்கள் சோம்பேறிகள், குடித்துவிட்டுக் கிடப்பார்கள் என்று பஸ்ஸில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கம்பெனியை விட, சாரை விட, அப்படிச் சிரித்த என்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் வருஷம் அரசு வேலைக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தது. ஃபிட்டர் படிப்புக்கு நேராகப் பொருந்துகிற வேலை. எங்கள் பக்கம் அது எப்போதோ ஒருமுறைதான் வரும். அடுத்தது வருவதற்குள் எனக்கு வயசு தாண்டிவிடும். அப்பா டீக்கடையில் கெஞ்சி அந்தப் பேப்பரை வாங்கிவந்து என் தலைமாட்டில் வைத்திருந்தார். புதுச்சேரியில் தொடர்ந்து ஐந்து வருஷம் குடியிருப்பதாகச் சான்றிதழ் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தாலுகா ஆபீஸில் இருந்த அதிகாரியம்மா என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ இங்கே இல்லையேம்மா, கடலூர் மாவட்டத்தில் அல்லவா இருக்கிறாய் என்றார். பிறந்தது, படித்தது, நேற்று ராத்திரி தூங்கியது எல்லாம் இங்கேதான் என்று சத்தம் போட்டேன். என்னிடம் ஒரு பொய்யும் சொல்லாத ஆள் அவர் ஒருவர்தான், அவரிடம்தான் நான் அப்படிக் கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குருவிநத்தத்தில் இருந்துதான் வேலைக்கு வந்து போகிறாள் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி வா, மேலே பேசிப் பார்க்கிறேன் என்று என்ன எழுத வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். திரும்பும் வழியில் பயிற்சி மாடிக்குப் போனேன். பிளேஸ்மென்ட் சார் புது ஆட்களின் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாற்றச் சொன்னது நான்தான், அதற்காக நானா கையெழுத்துப் போட்டேன் என்று என்னையே கேட்டார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு மொபெட்டிலேயே கம்பெனிக்குப் போனேன். லெட்டரை வாங்கியதும் நேராகத் தாலுகா ஆபீஸ் போவதாக ஏற்பாடு. அப்பா கேட்டுக்கு எதிரில் நின்றுகொண்டார். ஹெச்ஆர் அந்தச் சீட்டைப் படித்தார்.

"அப்ப நீ லோக்கல்" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். இப்போதே வேலையை விட்டு வெளியே போகலாம், இல்லாவிட்டால் அவர் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அக்கரையில் நிரந்தரமாக வசிப்பவள், புதுச்சேரியில் எனக்கு வீடோ குடும்பமோ கிடையாது, இது பொய்யென்றால் எந்த நேரமும் என்னை நீக்கலாம். தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறிய வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் சான்றிதழ் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, கிடைத்தாலும் அந்த வேலைக்கு ஊரே வரிசையில் நின்றது. அப்பாவின் முதுகு போய்விட்டது, இனி மூட்டை தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. எழுதினேன். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கையெழுத்திலேயே எழுதினேன். வாங்கிப் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். லீவு கிடையாது, உள்ளே போ என்றார்.

செக்யூரிட்டியிடம் கெஞ்சி கேட்டுக்கு வெளியே வந்தேன். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து தயாராக நின்றார். மாடி ஜன்னலில் அந்த ஹெச்ஆர் ஆள் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டேதான் அப்பா அருகில் போனேன்.

"குடுத்தாங்களாப்பா?"

"இல்லப்பா. நீ போ. நான் ஷிஃப்டுக்குப் போறேன்."

"சாங்காலம் அக்கரைல வந்து நிக்கறேன்."

"வராத. அத்தை வூட்டுலயே இருந்துக்கறேன், இனிமே."

அப்பா ஹேண்டிலில் மாட்டியிருந்த என் சாப்பாட்டுப் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.