உப்பு கேட்ட அண்ணன்

2007 கோடை என்று நினைவு. காரைக்கால் கோவில்பத்தில் குடியிருந்தோம். வீட்டில் நான், என் மனைவி, கல்யாணம் செய்துகொள்ளாத என் அண்ணன், மூன்று பேர்தான். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அண்ணன் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். சத்தத்தை வைத்தே இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு இருமுனை நோய் இருந்தது. சில மாதங்கள் தூக்கமே இல்லாமல், உலகத்தையே வாங்கிவிடுவதுபோலப் பேசுவார். பிறகு சில மாதங்கள் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், சோறு ஊட்டத்தான் வேண்டும். லித்தியம் என்ற மாத்திரை வந்த பிறகுதான் அவர் மனிதராக நடமாடினார். ஆறு வருடம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். மருந்து ஆரம்பித்த அன்றே குடியையும் விட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதற்குத் தஞ்சாவூர் வரை போக வேண்டும். 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று நான்தான் அதை ஒரு வருடமாகத் தள்ளிப் போட்டிருந்தேன்.

அந்தக் கோடையில் எங்கள் அலுவலகத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. உப்பைக் குறையுங்கள் என்றார்கள். நான் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. அன்றே வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். எனக்கென்று தனிச் சமையல் வேண்டாம், எல்லோருக்கும் உப்பில்லாச் சாப்பாடு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றுக்கும் தடை. உப்பு ஜாடி பரண் மேல் ஏறியது. கடலோரத்து வீட்டில் கருவாட்டுக்குத் தடை போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் நாளே அண்ணன் சோற்றுத் தட்டோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, எனக்கு மட்டும் ஒரு கல்லு உப்பு போடச் சொல்லுடா. இந்த மாத்திரை திங்கிறவன் உப்பக் குறைக்கக் கூடாதுன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு."

நான் சிரித்தேன். "கருவாடு வேணும்னா நேரா கேளுங்கண்ணே. டாக்டரை ஏன் இழுக்குறீங்க?" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புத்தி ஒருமுறை தடுமாறியவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்று எனக்குள் எப்போதோ ஒரு கணக்கு விழுந்திருந்தது. இன்று எழுதும்போது கூசுகிறது.

மூன்று வாரம் போயிருக்கும். வெயில் கொளுத்தியது. படகுக்குள் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் வியர்த்துக் கொட்டினார். வயிற்றுப்போக்கு, வாந்தி. கையும் நடுங்கியது. சூடு என்று சொல்லி மோர் கொடுக்கச் சொன்னேன். அதிலும் உப்பில்லை.

ஒரு சாயங்காலம் அலுவலகம் முடிந்து பைக்கில் திரும்பினேன். எங்கள் தெருவில் அண்ணன் ஒவ்வொரு மதிலாகப் பிடித்துக்கொண்டு வந்தார். கால் பின்னியது. வாய் குழறியது. பக்கத்து வீடுகளில் எல்லாம் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் ஊரில் பிராந்திக் கடைக்குப் பஞ்சமில்லை. தள்ளாடி வருகிறவனைப் பார்த்து யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள். எனக்கு மானம் போனது.

"எங்க குடிச்சீங்க?"

"குடிக்கலடா தம்பி..."

"ஊது."

அதுவரை அவரை நான் 'நீங்க' என்று தவிர அழைத்ததில்லை. அத்தனை பேர் பார்க்க என் அண்ணன் குனிந்து, என் முகத்துக்கு நேராக ஊதினார். ஒரு வாடையும் இல்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். "வாடை வராத சரக்கா பாத்துக் குடிச்சியா?" என்று கத்திவிட்டு, தெளிந்த பிறகு உள்ளே வரட்டும் என்று கேட்டைச் சாத்தினேன்.

என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். "என்னங்க, இங்க ஓடியாங்க! உங்க அண்ணன் குடிச்ச மாதிரி தெரியலைங்க. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது!"

ஓடினேன். கேட்டுக்கு வெளியே தரையில் வேட்டி நனைந்து கிடந்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அங்கே இருந்த டாக்டரம்மா, என் மனைவி நீட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாட்டுல உப்பைக் குறைச்சீங்களா?" என்பதுதான். ஆமென்று தலையாட்டினேன்.

இரண்டு நாள் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் அந்த டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் உப்பு நுழைய வாசல்கள் உண்டு. லித்தியம் உப்பைப்போலவே இருப்பதால் அதே வாசலில் உள்ளே போய்விடும். உப்பை வெளியே தள்ளுகிற பம்புக்கு லித்தியத்தைச் சரியாகத் தள்ளத் தெரியாது. வெளியிலிருந்து உப்பு உள்ளே வந்தால் அதற்கு மாற்றாகத்தான் லித்தியம் வெளியேறும். போதாக்குறைக்கு, உப்பு குறைந்ததும் சிறுநீரகம் பதறிப்போய், உப்போடு சேர்த்து லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். "மருந்து அதே அளவுதாங்க. நீங்க உப்பை நிறுத்தினதுல அது உள்ளேயே தங்கி விஷமாயிடுச்சு" என்றார்.

அண்ணன் கையில் உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கல் கேட்டவருக்கு இல்லை என்றேன். இப்போது பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிழைத்துவிட்டார். ஆனால் பேச்சில் குழறல் தங்கிவிட்டது, நடையும் பழையபடி வரவில்லை. நட்டைத் திருகும்போது கை ஆடியதால் இன்ஜின் வேலையை விட்டார். அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல்முறை தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியவர், வாசலில் நின்றார். நான் எதிரே இருந்தேன். என் முகத்துக்கு நேராகக் குனிந்து ஒரு தரம் ஊதினார். பிறகுதான் படியேறினார். பதறிப்போய், "இனிமே இப்படிச் செய்யாதீங்கண்ணே" என்று கும்பிட்டேன். கோபமே இல்லாமல், "பேச்சு இப்படி இருக்குல்லடா, உனக்கு சந்தேகம் வரக் கூடாதுல்ல" என்றார்.

வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் வெளியே போய் வந்தால் ஊதிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். உப்பு ஜாடியை அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பழைய இடத்தில் எடுத்து வைத்துவிட்டேன். அவர் சொன்னால் நான் நம்புவேன் என்ற நம்பிக்கையைத்தான் அவருக்குத் திருப்பித் தர முடியாமல் இருக்கிறேன்.