ஆல்பத்தில் பெயர் இல்லாதவள்

இது நடந்தது. பேயைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். நவமணி ஒரு தடவைகூடக் கூட்டியதில்லை. நாள் அதே நாள், நேரம் அதே நேரம். 1944ஆம் வருஷம், ஆடி மாதத்து இரண்டாவது வெள்ளி, மணி எட்டு நாற்பது. ஜப்பான்காரன் ஆட்சியில் மலாயாவின் கெடாவிலும் டோக்கியோ நேரம்தான். எட்டு நாற்பது என்றால் அப்போதுதான் பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற வேளை.

பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் முதல் வீடு நவமணியுடையது. மாமனார் கங்காணியாக இருந்தவர். அதனால் அந்த வீட்டில் மட்டும் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது, ஒரு போட்டோ ஆல்பமும் இருந்தது. மாமனார் எப்போதோ போய்விட்டார். மாமியார் அந்த வருஷம் தை மாதத்தில் போனாள். புருஷன் குழந்தைவேலுவை அதற்கு முந்தின வருஷமே ரயில் பாதை போட என்று சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வரிச் சேதி இல்லை. மிஞ்சியது அவளும் ஆறு வயது மகள் பிரேமாவதியும்தான்.

அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். முதலில் குளிர், பல் கிட்டிக்கொள்ளும். பிறகு நெருப்பு. பத்தொன்பது நாள் ஆயிற்று. பிள்ளையின் கழுத்து எலும்புகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் கையை விரித்தார். "கொய்னா மாத்திர எங்க இருக்கு? எல்லாம் அவங்க பட்டாளத்துக்குப் போயிடுச்சு. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடு லா, வேற என்ன சொல்ல?"

இருபதாம் நாள், நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, பிரேமா கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தாள்.

"அம்மா, கதவுக்குப் பின்னால ஒரு அக்கா நிக்குது."

"யாரும் இல்லம்மா."

"துணி கேக்குது."

நவமணி கதவை இழுத்துப் பார்த்தாள். விளக்குமாறுதான் சாய்ந்திருந்தது. ஆனால் அதன் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், இரண்டு ஈரத் திட்டுகள். ஒரு பாதத்து அளவு. மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அவள் கந்தைத் துணியால் துடைத்தாள். மறுநாள் நாலு பத்துக்கு மறுபடியும் இருந்தது.

கோயில் பூசாரி சின்னையா வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"கன்னி வந்து நிக்கிறா, தாயி. உன் புருஷன் வீட்டுல கல்யாணம் ஆகாமச் செத்தவ யாரோ. அவளுக்கு யாருமே துணி வைக்கல. வெள்ளிக்கிழம வெளக்கு வச்சு, பாவாட வச்சு, வாசலப் பாத்து மூணு தடவ பேரு சொல்லிக் கூப்புடு. வாங்கிக்கிட்டுப் போயிருவா. பிள்ளைய விட்டுருவா."

"பேரு?"

"அது உங்க குடும்பம். நீதான் தேடணும். பேரு தெரியாமக் கூப்பிட்டா யாரு வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

தேட வேண்டும். எங்கே தேடுவது?

ஆல்பத்தை எடுத்துப் பிரித்தாள். கறுப்புத் தாள்கள், நடுவில் எண்ணெய்க் காகிதம் மாதிரி மெல்லிய தாள்கள். மொத்தம் நாற்பத்திரண்டு படங்கள். அவளுக்குத் தெரிந்த முகங்கள் ஒன்பது. மற்றவர்கள் எல்லோரும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவளையே பார்த்தார்கள். படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்னால் பார்த்தாள். ஸ்டூடியோ முத்திரை இருந்தது. பெயர் இல்லை. ஒரு படத்தில்கூட இல்லை.

அவளுக்கு எரிச்சல் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரிடம் கேட்டிருக்கிறாள். "இது யாரு அத்த?" "நம்ம சொந்தந்தான்." "இது?" "அதுவும் சொந்தந்தான், போயி உலையப் பாரு." புருஷனிடம் கேட்டால், அம்மாவைக் கேள் என்பான். ஏழு வருஷம் இந்த வீட்டின் பாத்திரங்களைத் துலக்கியவள். எந்தப் பானையில் விரிசல் இருக்கிறது என்று தெரியும். யார் செத்தார்கள் என்று தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதற்குத் தன் பிள்ளை பதில் சொல்லிக்கொண்டு கிடக்கிறது. ஆல்பத்தைத் தூக்கி அடுப்பில் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் பயந்தாள்.

கழுத்தில் தாலி இல்லாத பெண்கள் மூன்று பேர். இருவரை அவளுக்கே தெரியும். பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். மிஞ்சியது ஒருத்தி. பதினான்கு வயது இருக்கும். உட்கார்ந்திருக்கும் ஆணும் பெண்ணும், நடுவில் ஒரு பையன், ஓரத்தில் இவள். இரட்டைச் சடை. யாரோ பக்கத்தில் நின்று சிரிக்காதே என்று சொன்னதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

படத்தை எடுத்துக்கொண்டு லயம் முழுவதும் ஏறி இறங்கினாள். ஒருத்தி, குழந்தைவேலுவின் அத்தை மகள் என்றாள். அடுத்த வீட்டுக்காரி, அத்தைக்கு மகளே கிடையாது என்றாள். மூன்றாவது வீட்டில் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூக்கப் பாத்தா உங்க மாமனார் மாதிரிதான் இருக்கு" என்றார்கள். பெயர் கேட்டால் எல்லோருக்கும் அடுப்பில் வேலை வந்துவிட்டது.

கடைசி வீட்டு மருதம்மாள்தான் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கங்காணி குடும்பத்தோடு ஒரே கப்பலில் வந்தவள்.

"இது இராசாத்தி இல்ல? உன் மாமனாரோட தம்பி மக. சுங்கைப் பட்டாணிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துல இருந்தாங்க. காய்ச்சல்ல போயிட்டா."

"நல்லாத் தெரியுமா அக்கா? கல்யாணம் ஆகலயே?"

"ஏ புள்ள, அவ கருமாதிக்கு நான் போயி இந்தக் கையால சோறு தின்னேன். பதினெட்டு வயசு. கல்யாணம் எங்க ஆச்சு? அவ அப்பன் மொட்டை அடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், பாக்க முடியல. வடைகூட நாலுதான் எறங்குச்சு."

நவமணிக்குக் கண் கலங்கியது. துக்கத்தால் இல்லை. ஒரு வழியாக ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு ஓடி வந்து படத்தைப் பிரேமாவிடம் காட்டினாள். "இந்த அக்காதானே?"

பிள்ளை பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"இது இல்லம்மா. அது வேற."

"நல்லாப் பாரு."

"இது இல்ல."

"காய்ச்சல்ல உளறாத. சும்மா படு." குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. மூன்று நாள் அலைந்து பிடித்த பெயர். அதை விட அவள் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை.

புதுத் துணிக்கு எங்கே போவது? ஆண்கள் கோணிப்பையைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம். கல்யாணக் கூறைச் சேலையை எடுத்தாள். கத்தரியை வைக்கும்போது கை நின்றது. பிறகு வெட்டினாள். ஒரு சின்னப் பாவாடை தைத்தாள். மரவள்ளிக் கிழங்கு, பிள்ளைக்கென்று ஒளித்து வைத்திருந்த ஒரு பிடி அரிசியில் சோறு, நான்கு கண்ணாடி வளையல். படத்தை விளக்கில் சாய்த்து வைத்தாள். அந்தப் பெண்ணின் நெற்றியில் சந்தனம் வைத்தாள், அதன் மேல் குங்குமம்.

எட்டு முப்பத்தைந்து. பிரேமாவின் உடம்பு கொதித்தது. மூச்சு வாய் வழியாக வந்தது.

எட்டு நாற்பது. வாசல் கதவைத் திறந்து வைத்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இராசாத்தி..."

ஒன்றும் இல்லை. கடிகாரம் மட்டும். டக்... டக்...

"இராசாத்தி..."

லயத்து நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. நிறுத்தின. எல்லாம் ஒரே நேரத்தில்.

விளக்குச் சுடர் சாய்ந்தது. காற்று இல்லை. சுடர் வீட்டுக்குள் பார்த்துச் சாயவில்லை... வாசலைப் பார்த்துச் சாய்ந்தது.

நிறுத்திவிடலாமா?

பிள்ளையின் மூச்சைக் கேட்டாள்.

"இராசாத்தி... வாம்மா..."

கதவுக்குப் பின்னால் யாரோ நகர்ந்தார்கள். ஈரக் கால். சளக்... சளக்... அவளைக் கடந்து, வாசற்படி இறங்கி, வெளியே போயிற்று. அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

பிறகு ஒரு குரல். தூரத்தில். தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல.

"வரேன்..."

பதினெட்டு வயதுக் குரல் இல்லை.

சின்னப் பிள்ளையின் குரல். சந்தோஷமாக இருந்தது.

அவ்வளவுதான். நாய்கள் மறுபடி குரைத்தன.

ஒன்பது ஐந்துக்குப் பிரேமாவுக்கு வியர்த்தது. துடைக்கத் துடைக்க வியர்த்தது. விடிவதற்குள் உடம்பு பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். காய்ச்சல் அதற்குப் பிறகு வரவில்லை. கதவுக்குப் பின்னாலும் யாரும் வரவில்லை. நவமணி அந்தக் குரலை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே கேட்டுக்கொண்டபோதும், பிள்ளை பிழைத்துவிட்டதே, இன்னும் என்ன, என்று அதட்டி அடக்கினாள்.

ஜப்பான்காரன் போனான். சயாமுக்குப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள். குழந்தைவேலு திரும்பவில்லை. நாற்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்கு, கவுன் போட்ட ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் சிலுவை. முப்பதுகூட ஆகியிருக்காது, முன்தலை நரைத்திருந்தது.

"யாரு?" என்றாள் நவமணி.

குரல் கேட்டதும் வந்தவள் தலை நிமிர்ந்தாள். ஏதோ இடித்ததுபோல ஓர் அடி பின்னால் போனாள். பிறகு சமாளித்துக்கொண்டாள்.

"நான் கேதரின். யான் ஊருலருந்து வரேன். என் வீட்டுக்காரர் பெர்னார்ட், அங்க ரைஸ் மில்லுல வேல செய்றாரு. இந்த வீட்டு அண்ணன் எனக்குப் பெரியப்பா மகன். நீங்க அண்ணிதானே? எங்க அம்மா செத்து நாலு வருஷம் ஆச்சாம். போன மாசந்தான் எனக்குத் தெரியும். அவங்க மொகம் மறந்துட்டு வருது அண்ணி. பெரியப்பா ஆல்பத்துல ஒரு படம் இருக்கும்..."

நவமணி ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கேதரின் தேடவில்லை. நேராக அந்தப் பக்கத்துக்குப் போனாள்.

"இது அப்பா. இது அம்மா. இது தம்பி. இது நான்."

நவமணி ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல்ல... கருமாதி..."

"அப்பா பண்ணினாராமே." கேதரின் சிரித்தாள். "வேதக்காரரக் கட்டிக்கிட்டுப் போயிட்டேன்னு தல முழுகிட்டாரு. மொட்ட அடிச்சு, ஊரக் கூட்டிச் சோறு போட்டு. நல்லா வடை சுட்டாங்களாம்." படத்தில் தன் நெற்றியில் காய்ந்திருந்த குங்குமத்தை விரலால் தொட்டாள். "இது யாரு வச்சது?"

பிரேமா உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வெளியே ஓடினாள். கேதரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மக ஜோனும் இந்த வயசுதான் இருப்பா."

"இருப்பாளா?"

"நாப்பத்து நாலுல போயிட்டா. ஆடி மாசம். வெள்ளிக்கிழம, கறி மீன் தொடாத சுத்தபோசன நாளு, அதான் ஞாபகம். மில்லு சங்கு எட்டரைக்கு ஊதும். ஊதிப் பத்து நிமிஷம் இருக்கும். வாசல்ல யாரோ இராசாத்தின்னு கூப்புட்டாங்க. யான்ல அந்தப் பேரு ஒருத்தருக்கும் தெரியாது அண்ணி. மூணு தடவ கூப்புட்டாங்க. பொம்பளக் குரல். அம்மாதான்னு நெனச்சேன். பத்து வருஷம் கழிச்சு மனசு எறங்கி வந்திருக்குன்னு..."

கேதரின் கைக்குட்டையை எடுத்தாள்.

"அழுக வந்துருச்சு. அழுத மொகத்தோட எப்படிப் போறதுன்னு, பாட்டி வந்திருக்காங்க, நீ போயிக் கூட்டிட்டு வாடின்னு ஜோன அனுப்பினேன். 'வரேன்'னு கத்திக்கிட்டு ஓடுனா. நான் மொகம் கழுவிட்டு வரதுக்குள்ள வாசல்ல ஆளே இல்ல. மறுநாள் வயல் வாய்க்கால்ல எடுத்தோம்."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் அனுப்பினேன் அண்ணி. அத யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல."

கூப்பிட்டது யார் என்று நவமணிக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டும். சொன்னால் இந்தப் பெண்ணுக்குத் தன் மேல் இருக்கும் பழி நீங்கும். சொல்லிவிட்டு, அதே மூச்சில், முற்றத்தில் ஓடுகிற பிள்ளையை எப்படிப் பார்ப்பது?

கேதரின் படத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். படியிறங்கியவள் திரும்பினாள்.

"ஒன்னு கேக்கவா அண்ணி? என்னை அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட இனி யாருமே இல்ல. ஒரே ஒரு தடவ, இராசாத்தின்னு கூப்புடுறீங்களா?"

நவமணி வாயைத் திறந்தாள். மூடினாள்.

முற்றத்தில் பிரேமா எங்கே இருக்கிறாள் என்று பார்த்தாள்.