இரவுகளுக்குப் பெயர் வைக்காத மிஸ்ஸி

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது ஒரே விதி: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நிர்மலாவின் மரணச் செய்தியையும் அவர் கணவர் சிவநேசன் அந்த விதிப்படியே எழுதியிருந்தார். “விடியும்போது நிர்மலாவின் மூச்சு நின்றுவிட்டது. வெளியே மழை. காற்று கடல் பக்கமிருந்து வருகிறது.”

நிர்மலா, மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாதியரை இங்கே மிஸ்ஸி என்போம்; எங்கள் அடுக்குமாடியில் எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான். ஹொனலூலுவில் வேலை பார்க்கும் மகனிடம் சில மாதங்கள் தங்கிவிட்டு வந்ததும், நிலா பார்க்க எங்களைக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு வரச் சொன்னார். நிர்வாகக் குழுச் செயலாளர் என்பதால் சாவி என்னிடம் இருந்தது. நானும் போனேன்.

ஹவாய்த் தீவுகளின் பழைய நாட்காட்டியில் ஒவ்வொரு இரவின் நிலாவுக்கும் தனிப்பெயர் உண்டு என்றார். எந்த இரவில் மீன் கரைக்கு வரும், எதில் கிழங்கு நடலாம் என்பதெல்லாம் அந்தப் பெயரோடு சேர்ந்தே வருமாம். ‘ஓலே’ என்று சில இரவுகள்; இல்லை என்று பொருள். அப்போது புதிதாக எதையும் நடாமல் களை எடுப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள். அச்சகம் நடத்திய பாலன் உற்சாகமாகிவிட்டார். “பேரையெல்லாம் குடுங்க மிஸ்ஸி, தமிழ்ல காலண்டரே போட்டுடலாம்.”

“அது அவங்க கடலைப் பார்த்து அவங்க வச்ச பேரு, பாலன். நம்ம காப்பார் கடற்கரைச் சேத்துல என்ன நடக்குதுன்னு அந்தப் பேருக்குத் தெரியுமா? முதல்ல நாம பார்ப்போம்.”

அப்படித்தான் குழு தொடங்கியது; சுற்றுவட்டார ஊர் நண்பர்களும் சேர்ந்தார்கள். பந்திங்கில் செம்பனைத் தோட்டத்துக்குள் ஆந்தை கத்தியது, காப்பாரில் அலை கடலோர வரப்பைத் தாண்டியது, சுபாங் ஜெயாவில் யார் வீட்டு மாமரமோ பூத்தது என்று பிறையோடு சேர்த்து எழுதினோம். பல நாள் எழுத ஒன்றும் இருக்காது. அப்போது “ஒன்றும் பார்க்கவில்லை” என்றே எழுதச் சொல்வார்.

அவரைச் சோதித்தவை நாரைகள். எங்கள் வாசலில் ஐந்து தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றில் சிலவற்றில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. கீழே நிற்கும் கார்களெல்லாம் எச்சத்தால் வெள்ளையாகிவிடும். மரங்களை வெட்டிவிட வேண்டும் என்று, அங்கே கார் நிறுத்தும் ரவீந்திரன் குடியிருப்போர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். நிர்மலா எழுந்து, “போன வருஷம் பார்த்ததை வச்சுச் சொல்றேன். அடுத்த அமாவாசைக்குள்ள குஞ்சுங்க பறந்துடும். அதுவரைக்கும் பொறுங்க” என்றார். ஒத்திவைத்தோம்.

அமாவாசை வந்து போனது. குஞ்சுகள் கூட்டிலேயே கத்திக்கொண்டிருந்தன. அடுத்த கூட்டத்தில் ரவீந்திரன் சிரித்தார். “என்ன மிஸ்ஸி, உங்க நிலா பொய் சொல்லிடுச்சே லா?”

“நிலா ஒண்ணும் சொல்லல ரவி. நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு.” அவர் உட்காரவில்லை. “இந்தத் தடவை எப்போ பறக்கும்னு எனக்குத் தெரியாது. தேதி கேட்காதீங்க. மூணு மரத்துல கூடு இல்ல, அதை வெட்டுங்க. கூடு இருக்கிற ரெண்டை மட்டும் விட்டுடுங்க.”

தவறிய கணக்குக்குச் சாக்கு எதுவும் சொல்லாததால்தான் அன்று அவருக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன என்பது என் எண்ணம். மூன்று மரங்கள் வெட்டப்பட்டன. விட்டுவைத்த மரத்திலிருந்து ஒரு குஞ்சு கீழே விழுந்து செத்தது. அதையும் அவரே குழுவில் எழுதினார். சில வாரம் கழித்து, அதுவரை குழுவில் ஒரு வரிகூட எழுதாத ரவீந்திரனிடமிருந்து செய்தி வந்தது: “ஒண்ணு பறந்துடுச்சு. இப்பதான் பார்த்தேன்.”

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தேன். மெலிந்திருந்தார். கட்டிலுக்கு எதிரே சுவர்தான். “வெளியே பிறை தெரியுதா?” என்றார். பார்க்கவில்லை என்றேன். “சரி, போகும்போது பாருங்க.” காரை எடுக்கும் முன் மேற்கே பார்த்துவிட்டு, பிறை தெரிகிறது என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “கொம்பு எந்தப் பக்கம்?” மறுபடி இறங்கிப் பார்த்து, “ரெண்டும் மேல. படகு மாதிரி” என்று எழுதினேன். “நல்லது” என்றார். எனக்கு அவர் எழுதிய கடைசிச் சொல் அதுதான்.

அவர் காலண்டர் எதையும் விட்டுப் போகவில்லை. ஓர் இரவுக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை. பார்த்தது போதவில்லை என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. போன வாரக் கூட்டத்தில், பழுதான மின்தூக்கி எப்போது ஓடும் என்று கேட்டார்கள். செயலாளர்கள் வழக்கமாக “அடுத்த வாரம்” என்பார்கள். தெரியாது என்றேன். பிறகு எழுந்து, மின்தூக்கியைப் பார்க்கப் போனேன்.