கம்பியோரத்து இடம்

ஒலி முகம்மதுவுக்குக் கோபம் வந்தால் இறங்காது. சிங்கப்பூரில் ஆங் மோ கியோ வட்டாரத்து அடுக்குமாடி புளோக்குகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் பிழைப்பு. நடுவில் சிக்கி நிற்கும் எந்த லிஃப்டையும் அரை மணி நேரத்தில் தரைக்குக் கொண்டுவந்துவிடுவான். தன் கோபத்தை மட்டும் இறக்கத் தெரியாது. அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் தன்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தார்கள் என்று ஆறு வருஷமாக அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. மனைவி ஹலீமா சொல்வாள்: "உங்களுக்கு மறதி வந்தா முதல்ல என்னைத்தான் மறப்பீங்க. சண்டையெல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கும்."

அந்தச் சண்டைகளில் மூத்தது திலீப்போடு வந்தது.

பதினெட்டு வயதில் எல்லாப் பையன்களும் போகவேண்டிய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பேப்பர் ஹார்பர் என்ற அமெரிக்க ராக் குழுவின் கேசட்டை ஒரே வாக்மேனில், ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டவர்கள். தொண்ணூற்றாறில் அந்தக் குழு சிங்கப்பூர் வந்தது. இருவரும் மத்தியான வெயிலிலிருந்தே காத்து நின்று, மேடைக்கு முன்னாலிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்தார்கள். மஃரிப் நேரம் வந்ததும் ஒலி, "தொழுதுட்டு வந்துடறேன், இடத்தைப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திரும்பி வந்தால் அவன் இடத்தில் ஒரு பெண். திலீப் பல்லை இளித்துக்கொண்டு, "பின்னாடி நில்லுடா, இங்க இடமில்ல லா" என்றான். கேசட்டின் கடைசிப் பாட்டு ஒலிக்கு உயிர். அதை அன்று கழிப்பறைச் சுவரோரம் நின்று, எவனெவன் தலைக்கோ பின்னாலிருந்து கேட்டான். அந்தப் பெண் தாரணியையே திலீப் கல்யாணம் செய்துகொண்டான். பத்திரிகை வைக்க வந்தபோது ஒலி அதை அவன் கண்முன்னாலேயே கிழித்தான். அத்தோடு பேச்சு நின்றது. திலீப் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குக் குடிபோய்விட்டதாகத் தேக்கா சந்தையில் யாரோ சொன்னபோது, "தொலையட்டும்" என்றான்.

பேப்பர் ஹார்பரும் உடைந்தது. பாடகரும் கிட்டார்காரரும் இருபது வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. இப்போது மறுபடி ஒன்றுசேர்ந்து ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், சிங்கப்பூருக்கும் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. "வெக்கங்கெட்டவனுங்க" என்று திட்டிக்கொண்டே ஒலி டிக்கெட் எடுத்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கடைசிப் பாட்டைக் கம்பியோரத்தில் நின்று கேட்க வேண்டும்.

லீவு போட்டுவிட்டு, மூட்டு வலியோடு இரண்டு மணிக்கே வரிசையில் நின்றான். ஐந்து மணிக்கு அரங்கக் கதவு திறந்தது. முழங்கையால் இடித்துக்கொண்டு போய்க் கம்பியைப் பிடித்தான். ஏழு மணி தாண்டியதும் மஃரிப். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான்; ஒருத்தர் மேலும் நம்பிக்கை வரவில்லை. நண்பனை நம்பிக் கெட்டவன் வேற்றாளையா நம்புவான்? இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அங்கே ஆள் இருப்பதாக அர்த்தம். எவனும் கை வைக்கமாட்டான். அந்தத் தைரியத்தில் கம்பிக்கடியில் தரையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனான். கூட்டத்தில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்பது தொழுது முடித்த பிறகுதான் உறைத்தது. ஓடினான்.

அவன் இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. ஆனாலும் அந்த முகத்தை ஒலி மறப்பானா? தாரணி.

"மறுபடியுமா?" என்று கத்தினான். "ஒரு தடவை பண்ணது போதலையா?"

"கத்தாதீங்க. கீழ பாருங்க."

அவள் கால்களுக்கு நடுவே டிஷ்யூ பாக்கெட் வைத்தது வைத்தபடி இருந்தது.

"வரிசையிலயே உங்களைப் பார்த்துட்டோம். நீங்க இதை வச்சிட்டுப் போனதையும் பார்த்தேன். மூணு பேரு தள்ளிட்டு நிக்க வந்தாங்க. சண்டை போட்டு விரட்டியிருக்கேன்."

"உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அன்னிக்கு இது யாரோட இடம்னு அவர் எங்கிட்ட சொல்லல. காலியா இருக்கு, வாங்கன்னார். வந்தேன். அதுக்கு, இருபத்தெட்டு வருஷமா எங்க வீட்ல எந்தச் சண்டை வந்தாலும் உங்க பேருதான். 'உன்னாலதான் ஒலி போனான்.' கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இந்தாங்க உங்க இடம். இனிமே என் வீட்ல உங்க பேரு வரக்கூடாது."

"அவன் எங்க?"

"பின்னாடி, டாய்லெட் சுவத்துகிட்ட. உங்களை நிக்கச் சொன்ன மாதிரி இடத்துலதான் தானும் நிப்பாராம். இதுக்குத்தான் பெர்த்லேருந்து மூணு நாள் ட்ரிப். ரெண்டு பேருக்குமே பைத்தியம் லா."

"நிக்கட்டும்" என்றான் ஒலி. "நல்லா நிக்கட்டும்."

அவள் கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டாள். விளக்கு அணைந்தது.

பாடகருக்குத் தொந்தி விழுந்திருந்தது. சுருதியை இறக்கி, வரிகளைத் திரையில் பார்த்துப் பாடினார். கிட்டார்காரர் மேடையின் மறுகோடியில் நின்று, ஒரு தடவைகூட அவர் பக்கம் திரும்பவில்லை. "சேர்ந்த லட்சணம்!" என்று ஒலி முணுமுணுத்தான். கடைசியாக அந்தப் பாட்டு வந்தது. கம்பி கையில், மேடை பத்தடி தூரத்தில்.

முதல் வரியிலேயே திரும்பிப் பார்த்தான். வெறும் தலைகள். இரண்டாம் வரியில் மறுபடி திரும்பினான். கழிப்பறைப் பலகையின் பச்சை வெளிச்சத்தில் ஒரு வழுக்கை தெரிந்தது. திலீப்பாக இருக்கலாம், வேறு எவனாகவும் இருக்கலாம். "நாசமாப் போறவன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எக்கி எக்கிப் பார்த்தான். பாட்டு முடிந்து அரங்கமே கைதட்டியபோதுதான், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அவனுக்குத் தெரிந்தது.