அதே மேசைகளுக்கு முன்னால்

தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் மணமும் மிளகாய்ச் "சம்பாலின்" காரமும் சேர்ந்து மூக்கில் ஏறினால்தான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததாக அர்த்தம். கிள்ளான் நகரத்தில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழே, படிக்கட்டை ஒட்டி நாலு மேசை போட்டு அம்மா அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை, "நாசி லெமாக்கை", விற்றார். அந்த மேசைகளில் ஆட்கள் நிறைந்திருந்த ஒரு காலையில்தான், பக்கத்துப் பட்டறையில் வேலை பார்த்த என் அண்ணனை, மோட்டார் சைக்கிள் திருடியதாகச் சொல்லி, கையில் விலங்கு மாட்டிப் போலீஸ் கூட்டிப்போனது.

மறுநாளே விட்டுவிட்டார்கள். ஆனால் பட்டறை முதலாளி இனி வர வேண்டாம் என்றார். தினமும் சாப்பிட்டவர்களில் பலர் எதிர்ச்சாரிக் கடைக்கு மாறினார்கள். அண்ணன் அறைக்குள்ளேயே கிடந்தான். போலீஸ் நிலையத்தை எங்கள் பக்கம் "பாலாய்" என்போம். "எது தொலைஞ்சாலும் தொலையட்டும், பாலாய் வாசப்படிய மட்டும் மிதிக்காத" என்று சொல்லித்தான் பெரியவர்கள் எங்களை வளர்த்தார்கள். அண்ணனுக்கு நடந்த பிறகு அதை மறுத்துப் பேச யாருக்கும் வாயில்லை.

சில வாரங்கள் கழித்து, அதே காலை வேளையில், அண்ணனுக்கு விலங்கு மாட்டிய மலாய்க்காரப் பெண் சார்ஜன்ட் சீருடையோடு தனியாக வந்து நின்றார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அக்கா, திருடினவன் பிடிபட்டுட்டான். உங்க மகன் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்களோடது," என்று மலாயில் உரக்கச் சொன்னவர், அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரைப் பார்த்து, "அங்கிள், நீங்க தமிழ்லயும் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்," என்றார். அவரும் எச்சில் கையோடு எழுந்து, வரி விடாமல் சொன்னார். போலீஸ் மன்னிப்புக் கேட்கும் என்பதையே அறியாத நான் வாய்பிளந்து நின்றேன்.

அம்மா இளகவில்லை; மரியாதைக்குச் சொல்லும் "புவான்" என்ற விளியை மட்டும் விடவில்லை. "மன்னிப்ப வச்சி நான் என்ன செய்ய, புவான்? புள்ளைக்கு வேல போச்சு லா."

"அவனக் கூப்பிடுங்க. நானே பட்டறைக்கு வரேன்," என்றார் சார்ஜன்ட்.

இறங்கி வந்த அண்ணனிடம் அவர் மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். அவன் தலையை மட்டும் அசைத்தான். போலீஸ் காரில் ஏற்றினால் ஊர் வேறு மாதிரி நினைக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடைத்தெரு முழுக்க அவனுக்குப் பக்கத்திலேயே நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். பட்டறையில் முதலாளியிடமும் அதையே சொன்னார், ஒரு சொல் குறைக்காமல். முதலாளி கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை அண்ணனிடம் நீட்டினார்.

அந்த ஒரு காலையில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தச் சார்ஜன்ட் அம்மாளை நம்பினோம்; அவர் போட்டிருந்த சீருடையை நம்ப இன்னும் காலம் பிடித்தது. ஆனாலும், அடுத்த வருடம் மூன்றாம் மாடி அக்காவின் தாலிச் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு ஓடியபோது, "வாங்க, பாலாய்க்குப் போலாம்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்துப்போனது அம்மாதான். சார்ஜன்ட் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அங்கிருந்த இளம் அதிகாரி இருவரையும் உட்கார வைத்து, அழுகை ஓயும்வரை காத்திருந்து, சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாராம். சங்கிலி கிடைக்கவில்லை. அப்படியும் அம்மா அந்த அதிகாரியைக் குறை சொல்லவில்லை.

இப்போது அந்த அடுக்குமாடியே இல்லை. அது இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. போன மாதம் அம்மாவோடு அந்த வழியாகப் போனபோது சாலைத் தடுப்பில் எங்களை நிறுத்தினார்கள். அந்த நாளில் போலீஸைக் கண்டாலே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்த அம்மா, கார்க் கண்ணாடியை இறக்கி, குனிந்து பார்த்த பெண் போலீஸின் முகத்தை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தார்.

"அந்த சார்ஜன்ட் அம்மா இல்ல," என்றார் என்னிடம். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று மலாயில் கேட்டார்.